இரண்டு விரல் இடைவெளி

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான் இங்கே சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இன்னும் தையல் மிஷினைக் காலால்தான் மிதிக்கிறாயா? மோட்டார் வைத்துக்கொள் என்று சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலிக்கிறது.

புது இடத்தில் சேர்ந்துவிட்டேன். எட்டு நடைமேடை உள்ள பெரிய ரயில் நிலையம். லீவில் போகிற சிப்பாயும் லீவு முடிந்து திரும்புகிற சிப்பாயும் இந்த வழியாகத்தான் போயாக வேண்டும். மூன்றாம் நடைமேடையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மேஜை, கீழே நான்கு ஆட்கள், கையில் சிவப்புப் பட்டை. சீருடை போட்டவன் நாலு பேர் பார்க்கிற இடத்தில் அதற்குரிய மரியாதையோடு இருக்கிறானா என்று பார்ப்பதுதான் வேலை. தொப்பி இல்லாமல் வந்தால் ஒரு குற்றச் சீட்டு. கையைப் பையில் விட்டுக்கொண்டு நடந்தால் ஒரு சீட்டு. ஒரு சீட்டுக்கு மூன்று பிரதி: அவனுக்கு ஒன்று, அவன் முகாமுக்கு ஒன்று, என் மேஜைக்கு ஒன்று.

வந்த முதல் வாரத்திலேயே வேடிக்கைக்குக் குறைவில்லை. ஒருவன் சீருடையில் குடை பிடித்துக்கொண்டு வந்தான். சட்டைப் பையிலிருந்து கடலையை எடுத்துக் கொறித்துக்கொண்டே ஒருவன் எனக்கு சல்யூட் அடித்தான், கையிலிருந்து தோல் பறந்தது. இன்னொருவன் பெண்டாட்டியின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜம்மென்று நடந்து வந்தான். "அத அவங்க தூக்கட்டும், இல்லன்னா நீ சட்டையக் கழட்டிட்டுத் தூக்கு" என்றேன். அந்த அம்மாள் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள்.

எல்லையிலிருந்து திரும்புகிறவர்கள்தான் தலைவலி. காலர் பட்டனைத் திறந்துபோட்டுக்கொண்டு திரிகிறார்கள். கேட்டால் மூச்சு முட்டுகிறதாம். குண்டு விழுந்தபோது முட்டாத மூச்சு, பட்டன் போட்டால் முட்டுகிறதா? பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு சாக்கு வேண்டும். உன் மகன், நம்ம நெட்டையைப் பார். பதுங்குகுழி சரிந்து அரை நாள் மண்ணுக்குள் கிடந்தவன், ஒரு கீறல் இல்லாமல் எழுந்து வந்தான், சரக்குக் கிடங்கில் கம்மென்று பூட்ஸ் எண்ணிக்கொண்டிருக்கிறான். அவனைச் சேர்த்துவிட்டவன் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமைதான். மாமாவுக்கு ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா என்று கேள்.

நீ தைத்து அனுப்பிய இரண்டு சட்டையையும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். காலர் கத்தி மாதிரி நிற்கிறது. மேஜர்கூட யார் தைத்தது என்று கேட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

ஜனவரி 30

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். முழங்கால் அதன் பாட்டில் வலிக்கிறது, நான் என் பாட்டில் மிதிக்கிறேன். உனக்கு இருமல் விட்டதா? நடைமேடைப் புகையில் நாளெல்லாம் நிற்கிறாயே.

நெட்டை இரண்டு நாள் லீவில் வந்திருந்தான். உன் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். கைப்பைக்காரன் கதைக்குச் சிரித்தான். நன்றாகச் சாப்பிட்டான், நன்றாகத் தூங்கினான். இந்தக் குளிரிலும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தூங்கினான், அவ்வளவுதான். உனக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறான்.

உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். கடைக்கு ஒரு அம்மாள் வந்தாள். அவள் மகனும் பட்டாளத்தில் இருக்கிறான். கழுத்தில் எது பட்டாலும் அவனுக்கு ஆகாதாம், மேல் பட்டனைப் போட்டால் தவித்துப்போகிறானாம். இரண்டு முறை சீட்டு வாங்கிவிட்டானாம். இதற்கு விதியில் ஏதாவது வழி உண்டா? எத்தனை சீட்டு வரைக்கும் விடுவீர்கள்? நீங்கள் காலரைத் தொட்டுப் பார்ப்பீர்களா, வெறுமனே கண்ணால் பார்ப்பதோடு சரியா? அவள் பாவம், எழுதப் படிக்கத் தெரியாதவள். நீ விவரமாக எழுதினால் வாசித்துச் சொல்வேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இருமல் போன இடம் தெரியவில்லை. உன் முழங்காலும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

உன் கடைக்கார அம்மாளுக்குப் பதில். கழுத்தில் புண் இருந்து, கட்டுப் போட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் பட்டனைத் திறந்துவிடலாம். காயம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாத காயத்துக்கெல்லாம் விதி கிடையாது. ஆறு மாதத்துக்குள் மூன்று சீட்டு சேர்ந்தால், உள்நாட்டு வேலையில் இருப்பவனை எல்லைக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் மகனுக்கு இரண்டு ஆகிவிட்டது என்றால் கத்தி மேல் நடக்கிறான் என்று சொல். மூன்றாவதுக்கு அப்பீல் எதுவும் கிடையாது.

தொட்டுப் பார்ப்பதா? நாங்கள் என்ன தையல்காரர்களா? ஒரு கை தூரத்தில் நின்று கண்ணால் பார்ப்பதுதான் முறை. காலர் மூடியிருந்தால் மூடியிருக்கிறது, திறந்திருந்தால் திறந்திருக்கிறது. அதற்கு மேல் ஆராய்ச்சி இல்லை.

அந்த அம்மாளிடம் இன்னொன்றும் சொல். பையனைச் செல்லம் கொடுத்துக் கெடுக்க வேண்டாம். பட்டனைப் போட்டுப் பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் பழகிவிடும்.

நெட்டை எழுதவே இல்லை. நேரில் பார்க்கும்போது காதைத் திருகுவேன்.

உன் தம்பி

*

மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் பதிலை அந்த அம்மாளுக்கு வாசித்துச் சொன்னேன். கண்ணால் பார்ப்பதோடு சரி என்று நீ எழுதிய வரியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். நிம்மதியாகப் போனாள்.

நெட்டைக்குப் புதிதாக இரண்டு சட்டை தைத்தேன். கிடங்கில் அவன் பக்கத்துக் கட்டில் பையன் ஒருவன், அந்தப் பதுங்குகுழியில் அவனோடு கிடந்தவன், அவனுக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தேன். இந்த மாதம் எனக்கு உடம்பு லேசாக இருக்கிறது. முழங்கால்கூடச் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

உன் கண் நல்ல கண்தான். யாரிடமாவது சுற்றிப்போடச் சொல்.

அக்கா

*

ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? எழுதி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே ஒரு பெரிய வேட்டை நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை வண்டியிலிருந்து ஒரு சிப்பாய் இறங்கினான். தொப்பி, பெல்ட், பூட்ஸ் எல்லாம் அச்சில் வார்த்தது மாதிரி. காலர் கழுத்து வரைக்கும் மூடி விறைப்பாக நிற்கிறது. நானே பாராட்டலாமென்று இருந்தேன். அப்போது யாரோ கூப்பிட அவன் திரும்பிப் பார்த்தான். கழுத்து திரும்பியது, காலர் திரும்பவில்லை. ஒரு வாளிக்குள் கம்பு சுற்றுவதுபோல இருந்தது. கூப்பிட்டு நிறுத்தினேன். விதியில் இல்லைதான், ஆனாலும் காலருக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் தாராளமாகப் போனது.

கழற்றச் சொல்லிப் பார்த்தால், அடேயப்பா, என்ன வேலைப்பாடு! மேல் பட்டன் வெறும் பொய். காஜாவோடு சேர்த்துத் தைத்துவிட்டிருக்கிறார்கள், கழற்றவே முடியாது. அதற்குப் பின்னால் காலரின் இரண்டு முனையையும் ஒரு துண்டு எலாஸ்டிக் பிடித்திருக்கிறது. இழுத்தால் விரிகிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. உள்ளே கேன்வாஸ் கொடுத்து விறைப்பாக நிறுத்தியிருக்கிறார்கள். மூன்று மாதமாக என் கண் முன்னால் எத்தனை பேர் இப்படிப் போனார்களோ தெரியவில்லை.

யார் தைத்தது என்று கேட்டேன். "சந்தையில வாங்கினேன் சார்" என்றான். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. பனியனோடு நடைமேடையில் நின்று நெஞ்சு நிறைய மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டேன். அவனுக்கு இது மூன்றாவது சீட்டு, எல்லைக்குப் போய்விட்டான். நெட்டை இருக்கிற கிடங்கு ஆள்தான். அவனுக்குத் தெரிந்திருந்தாலும் தெரிந்திருக்கும், கேட்டுப் பார்.

அந்தக் காலரை வெட்டி எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். இதை விவரமாக எழுதி எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பலாம் என்று மேஜரிடம் சொல்லியிருக்கிறேன். உன்னைவிடத் தொழில் தெரிந்தவர் எனக்கு யார் இருக்கிறார்கள்? எப்படித் தைத்திருக்கிறார்கள், எந்த மாதிரித் தையல்காரர் செய்திருப்பார், வெளியே எந்த அடையாளத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்து எழுது.

உன் தம்பி

*

ஏப்ரல் 29

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ அனுப்பியது வந்தது. பார்த்தேன்.

இதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. துவைத்துத் துவைத்துக் காலர் சுருங்கிப்போனால் எந்தத் தையல்காரரும் போடுகிற ஒட்டுவேலைதான். நூறு சட்டையில் ஒன்று இப்படி இருக்கும். இதையெல்லாம் எழுதி மேலே அனுப்பினால் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதே.

சுற்றறிக்கை வேண்டாம் தம்பி. காரணம் கேட்காதே. நான் உன்னிடம் எதையும் கேட்டுப் பழக்கம் இல்லை என்று உனக்குத் தெரியும். இதை மட்டும் கேட்கிறேன். அந்தக் காலர் தபாலில் தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள். நான் திருப்பி அனுப்பப் போவதில்லை.

அக்கா

*

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உன் கடிதம் நான்கே வரியில் முடிந்துவிட்டதே.

நீ எழுதியது கைக்கு வருவதற்கு மூன்று நாள் முன்பே சுற்றறிக்கை போய்விட்டது. மேஜருக்கு அவசரம். உன் விளக்கம் இல்லாமலே நான் பார்த்ததை வைத்து எழுதிக் கொடுத்தேன். முன்னாலேயே உன் கடிதம் வந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கள்ளச் சட்டைக்கு நீ வக்காலத்து வாங்குவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. தையல்காரர்கள் எல்லாரும் ஒரே கட்சி என்பது சரிதான்போல.

இனிமேல் எல்லா நிலையங்களிலும், எல்லா முகாம் வாசல்களிலும் இரண்டு விரல் சோதனை. காலருக்குள் இரண்டு விரல் போனால் சீட்டு. சட்டையையே மாற்றித் தைத்திருந்தால் விளக்கம் கேட்கிற பேச்சே இல்லை, சீட்டோடு சட்டையும் பறிமுதல். எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் என் பெயரே 'ரெண்டு விரல்' ஆகிவிட்டது. "ரெண்டு விரலுக்கு ஒரு டீ" என்கிறார்கள். சிரிக்காதே.

நெட்டையின் லீவு எப்போது? இந்த வழியாக வந்தால் மேஜருக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன்.

உன் தம்பி

*

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. முழங்காலா, கோபமா? கோபம் என்றால் திட்டியாவது எழுது. நீ திட்டாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது என்று சின்ன வயதிலிருந்தே தெரியும் உனக்கு.

நெட்டைக்கு நேராக ஒரு கார்டு போட்டேன். பதில் இல்லை. கார்டு திரும்பியும் வரவில்லை. அங்கே எல்லாம் சரிதானே?

உன் தம்பி

*

ஜூலை 3

தம்பிக்கு,

கோபமும் இல்லை, முழங்காலும் இல்லை. எழுதக் கை வரவில்லை, அதுதான்.

கடைக்கு எந்த அம்மாளும் வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவளும் இல்லை. கேட்டது நான். இரண்டு சீட்டு வாங்கியிருந்தவன் நெட்டை.

ஒரு கீறல் இல்லாமல் எழுந்து வந்தான் என்று எழுதினாயே. வெளியே ஒன்றும் இல்லைதான். அன்றைக்கு அவன் கழுத்து வரைக்கும் மண் ஏறி நின்றிருக்கிறது. தாடைக்குக் கீழே வந்து நின்றுவிட்டதாம். அதற்கு மேல் ஒரு பிடி விழுந்திருந்தால் முடிந்திருக்கும். அசைந்தால் விழும் என்று அரை நாள் அசையாமல் நின்றிருக்கிறான். அதிலிருந்து கழுத்தில் துண்டு பட்டால்கூட அவனுக்கு முகம் வெளுத்துவிடுகிறது. முதல் லீவில் வந்தபோது நான் பாசத்தில் பட்டனைப் போட்டுவிட்டேன். சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டான், மூச்சு திரும்ப வருவதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத்தான் தெரியும். டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

உன்னிடம் சொல்லலாம் என்று ஜனவரியில் நான் சொன்னேன். அவனும் அரைமனதாகச் சரி என்றான். அன்றைக்குத்தான் உன் கடிதம் வந்தது. நான் ஆசையாக வாசித்துக் காட்டினேன். கைப்பைக்காரன் கதைக்குச் சிரித்தது உண்மை. பயந்தாங்கொள்ளி என்ற இடம் வந்ததும் எழுந்து முகம் கழுவப் போய்விட்டான். திரும்பி வந்து, "அம்மா, மாமாகிட்ட மட்டும் சொல்லாத" என்றான். என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். முன்கூட்டியே படித்துப் பார்த்துவிட்டு வாசித்திருந்தால் அந்த இடத்தைத் தாண்டியிருப்பேன்.

பிறகு நீ எழுதினாய், கண்ணால் பார்ப்பதோடு சரி என்று. அந்த ஒரு வரியை வைத்துத்தான் அந்தக் காலரை வெட்டினேன். அவன் கழுத்துச் சுற்றளவுக்கு மேல் சரியாக இரண்டு விரல் விட்டேன். போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான். "காத்து வருதும்மா" என்றான். மார்ச் மாதம் எனக்கு உடம்பு லேசாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

நீ வெட்டி அனுப்பிய துண்டு என் கையால் தைத்தது. பக்கத்துக் கட்டில் பையனுடையது. அதை உன் கடிதத்தோடு கையில் வைத்துக்கொண்டு, உண்மையைச் சொல்லாமல் ஒட்டுவேலை என்று எழுதினேன். சத்தியத்தை மீறி அன்றைக்கே எழுதியிருந்தால்கூடப் பயன் இருந்திருக்காது என்று நீ மூன்று நாள் கணக்குச் சொன்னபோது தெரிந்தது. பிப்ரவரியில் எழுதியிருக்க வேண்டும்.

கிடங்கை விட்டு வெளியே வராதே என்று அவனுக்குத் தந்தி அடித்தேன். அவன் வெளியே வரவில்லை. சோதனைதான் உள்ளே போயிற்று. ஜூன் பதினொன்றாம் தேதி காலை அணிவகுப்பில் வரிசையாக எல்லார் காலருக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். விரல் கழுத்தில் பட்டதும் அவன் அந்த ஆளின் கையைத் தட்டிவிட்டான். அதற்கு ஒரு சீட்டு, சட்டைக்கு ஒன்று. இரண்டு சட்டையையும் வாங்கிக்கொண்டு சாதாரணச் சட்டை கொடுத்துவிட்டார்கள். இந்த மாதக் கடைசியில் எல்லை. கார்டில் எழுதியிருந்தான். மாமாவைக் குறை சொல்லாதே என்றும் எழுதியிருக்கிறான்.

நான் குறை சொல்லவில்லை. உனக்கு மேலே யாரையாவது தெரிந்தால் கேள். தெரியாவிட்டாலும் கேள்.

அக்கா

*

ஜூலை 28

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

உன் கடிதம் வந்த அன்றே மேஜரிடம் போனேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, முழுக்கக் கேட்டார். பிறகு என் சுற்றறிக்கையை எடுத்து என் முன்னாலேயே வைத்தார். "நீங்க எழுதினதுதானே இது? உங்க அக்கா பையனுக்கு ஒரு விதி, நாளைக்கு என் மச்சானுக்கு ஒரு விதின்னு போட முடியுமா?" என்றார். என்னைத் தண்டியுங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார். இன்னும் வற்புறுத்தினால் தைத்தவர் யார் என்று விசாரிக்க வேண்டிவரும், உன் கடை வரைக்கும் வருவார்கள், யோசித்துக்கொள் என்றார். டாக்டர்களிடம் போனேன், இரண்டு பேரும் காயம் எங்கே என்று கேட்டார்கள். தெரியாத காயத்துக்கு விதி கிடையாது என்று நான் உனக்கு எழுதியதை எனக்கே திருப்பிச் சொன்னார்கள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இருபத்துநான்காம் தேதி காலை பதினொரு மணிக்கு அந்த வண்டி மூன்றாம் நடைமேடைக்கு வந்தது. மேஜையிலிருந்து எழுந்து ஓடினேன். ஐந்தாவது பெட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தான். மெலிந்திருக்கிறான். மேல் பட்டன் போட்டிருந்தான், நிஜப் பட்டன். தாடையைத் தூக்கி வைத்திருந்தான். முகமெல்லாம் வியர்வை, கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருந்தது.

"கழட்டுடா அத" என்றேன்.

"கழட்டினா எழுதுவாங்க மாமா."

திரும்பிப் பார்த்தால் என் ஆள் ஒருவன் சீட்டுப் புத்தகத்தோடு நிற்கிறான். நான் பார்த்துக்கொள்கிறேன், கழற்று என்று மறுபடியும் சொன்னேன். "இங்க நீங்க பாத்துக்குவீங்க, அடுத்த ஸ்டேஷன்ல யாரு? பழகிக்கிறேன். நூறு வரைக்கும் எண்ணுவேன், அப்புறம் மறுபடி ஒண்ணுலேருந்து" என்றான். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் ஓடினேன், வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி அசைந்ததும் அவன் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"மாமா, தொப்பி இல்லாம வந்துட்டீங்க. எல்லாரும் பாக்கறாங்க."

தொப்பி மேஜைமேல் இருந்தது. முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட நான் அப்படி வெளியே வந்ததில்லை. அவன் சல்யூட் அடித்தான். தலையில் தொப்பி இல்லாதவன் பதிலுக்கு சல்யூட் அடிக்கக்கூடாது என்பது விதி. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன், வண்டி போய்விட்டது.

சீட்டுப் புத்தகத்தோடு நின்ற என் ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்று மாலை என் பெயருக்கு நானே ஒரு சீட்டு எழுதி மூன்று பிரதியும் எடுத்துக் கொண்டுபோனேன். மேஜர் கிழித்துப் போட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் காலரைத் திருப்பிப் பார்த்தேன். நீ முடிச்சுப் போட மாட்டாய், கடைசியில் மூன்று பின்தையல் போட்டு நூலை வெட்டுவாய். அந்தப் பையனின் காலரிலும் அதே மூன்று பின்தையல் இருந்தது. கையில் வைத்து அரை மணி நேரம் பார்த்திருக்கிறேன். என் தாடைக்குக் கீழேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

ஏதாவது எழுது. திட்டினாலும் சரி.

தம்பி

*

அக்டோபர் 19

தம்பிக்கு,

சுகம் கேட்டுத் தொடங்கத்தான் கை போகிறது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீ அனுப்பிய நான்கு கடிதங்களும் வந்தன. எல்லாவற்றையும் வாசித்தேன்.

செப்டம்பர் முதல் வாரத்தில் அவன் உயிரோடு இல்லை என்ற காகிதம் வந்தது. தந்தியில் உனக்குத் தெரிவித்தேன், அதற்கு மேல் என்னால் முடியவில்லை. காகிதத்தில் இடம் இல்லை, எப்படி என்றும் இல்லை. தேதி மட்டும் இருந்தது. பக்கத்துக் கட்டில் பையன் இன்னும் எல்லையில்தான் இருக்கிறான். அவன் ஒரு கார்டு போட்டான். கடைசி நாள்களில் நெட்டை ஆயிரம் வரைக்கும் எண்ணக் கற்றுக்கொண்டுவிட்டான் என்று எழுதியிருந்தான். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பான், பாவம்.

உன்னால்தான் என்று ஒரு நாள் நினைக்கிறேன். என்னால்தான் என்று அடுத்த நாள் நினைக்கிறேன். நீ எழுதுகிற மன்னிப்புக்கெல்லாம் நான் பதில் எழுதப் போவதில்லை. கொடுக்க மனமில்லாமல் இல்லை. கொடுத்தாலும் உனக்கும் எனக்கும் அதை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றும் இல்லை.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வா. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வராதே.

நேற்று அவன் சாமான்கள் வந்தன. ஒரு சீப்பு, உறை பிரிந்த ஒரு புத்தகம், என் கார்டுகள், நீ போட்ட ஒரு கார்டு. அது அவனுக்குக் கிடைத்திருக்கிறது. ஒரு சட்டை. துவைத்து, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார்கள். கீழிருந்து மேல் வரைக்கும் எல்லாப் பட்டனும் போட்டிருந்தது. அப்படித்தான் மடிக்க வேண்டும் என்று உங்கள் விதியில் இருக்கும்.

மேல் பட்டனை மட்டும் கழற்றி வைத்தேன்.

அக்கா